டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்: எஞ்சின் பிடித்துக்கொள்வதும் அதனைத் தடுக்கும் வகையும்

பால் பாத்திரங்களையும் உர மூட்டையையும் வயலுக்குச் செல்லும் ஆளையும் ஒருங்கே சுமந்து பல்லாண்டு உழைத்த டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்கள் நம் கிராமங்களில் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1946ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்துப் பியாஜியோ நிறுவனத்தார் வெளியிட்ட வெஸ்பாவும், அடுத்த ஆண்டில் இன்னொசென்டி நிறுவனத்தார் வெளியிட்ட லாம்ப்ரெட்டாவும் இவற்றின் மூதாதையர் எனலாம். வெஸ்பாவின் வழிவந்தது 1972இல் வெளியான பஜாஜ் சேதக்; லாம்ப்ரெட்டாவின் வழிவந்தது லக்னோ நகரில் செய்யப்பட்ட விஜய் சூப்பர். இத்தகைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்கள் இந்தியாவில் இப்போது புதியனவாகச் செய்யப்படுவதில்லை. ஆகவே இவற்றை வைத்திருப்போர் கையிலுள்ள எஞ்சினைக் கெடாமற் காத்துக்கொள்வது அவசியமாகின்றது.

இவ்வெஞ்சின்களுக்கு நேரும் கேடுகளுள் மிகவும் அஞ்சத்தக்கது, ஓட்டத்தின் நடுவே பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்வதாகும். மெக்கானிக்குகள் இதனை 'சீஸ்' என்றும் 'ஜாம்' என்றும் கூறுவர். பிஸ்டன் நின்றால் அதனோடு பிணைந்த பின்சக்கரமும் அக்கணமே நின்றுவிடும். வண்டி தரையில் இழுபட்டுச் சாயும். பின்னால் லாரியோ பஸ்ஸோ வருமாயின் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை. பிஸ்டன் மாற்றிச் சிலிண்டருக்குப் போர் போடும் செலவு ஒருபுறமிருக்க, உயிருக்கே ஆபத்தாதலின் இதன் காரணங்களை வண்டியுடையார் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

"நெடுந்தூரம் ஓட்டினேன், பிடித்துக்கொண்டது" என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். தூரம் காரணமன்று. எல்லாம் சரியாயிருக்கும் ஸ்கூட்டர் நாள் முழுதும் ஓடினும் பிடிப்பதில்லை; சரியில்லாத ஸ்கூட்டர் சந்தைக்குப் போய் வருவதற்குள் பிடித்துவிடும். உள்ளே நடப்பது இன்னதென்று விளங்கினால் இது தெளிவாகும்.

எண்ணெய் செல்லும் வழி

டிராக்டர், கார், இக்காலத்து மோட்டார் சைக்கிள் ஆகியவற்றின் எஞ்சின்களில் அடித்தொட்டியில் எண்ணெய் நிற்கும். ஒரு பம்பு அதனை வேண்டிய இடமெங்கும் தள்ளும். பெட்ரோல் வேறு, எண்ணெய் வேறு. நாம் கூறும் ஸ்கூட்டர் எஞ்சினிலோ அடித்தொட்டியும் இல்லை, பம்பும் இல்லை. பிஸ்டன் மேலே ஏறும்போது கார்புரேட்டரின் வழியாகக் காற்றும் பெட்ரோலும் பிஸ்டனுக்குக் கீழேயுள்ள கிராங்க் அறைக்குள் இழுக்கப்படுகின்றன. கீழே இறங்கும்போது அக்கலவை பக்கத் துவாரங்கள் வழியே மேலே தள்ளப்பட்டு எரிகின்றது. பெட்ரோலிற் கலந்த எண்ணெய்தான் போகிற போக்கில் கிராங்க் பேரிங்குகளையும், கனெக்டிங் ராடின் முனைகளையும், சிலிண்டர்ச் சுவரையும் நனைத்துச் செல்கிறது. ஆகவே பெட்ரோல் செல்லும் அளவுக்கே எண்ணெயும் செல்லும். பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். மேலும், உட்செல்லும் பெட்ரோல் ஆவியாகும்போது பிஸ்டனின் உஷ்ணத்தைத் தணிக்கவும் செய்கிறது. எனவே பெட்ரோல் குறையுமிடத்து எண்ணெயும் குளிர்ச்சியும் ஒருங்கே குறைகின்றன. பின்னர்க் கூறப்படுவனவற்றுட் பெரும்பகுதி இவ்வொன்றிலிருந்தே பிறப்பதாம்.

கியர் பெட்டியில் ஊற்றும் எண்ணெய் கியருக்கும் கிளட்சுக்கும் மட்டுமே பயன்படும். 'வண்டிக்கு ஆயில் மாற்றியாயிற்று' என்று கியர் எண்ணெயை நம்பி, வெறும் பெட்ரோலை ஊற்றிப் புறப்பட்டவர்கள் உண்டு. மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகிய இளைஞர் கையில் பழைய ஸ்கூட்டரைக் கொடுக்கும்போது இதனைச் சொல்லியே கொடுத்தல் வேண்டும்.

இனி உஷ்ணத்தை நோக்குவோம். பிஸ்டன் அலுமினியக் கலப்பினாலானது, சிலிண்டர் வார்ப்பிரும்பினாலானது. ஒரே அளவு உஷ்ணத்திற்கு அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரியும். சேதக், லாம்ப்ரெட்டா 150 ஆகிய வண்டிகளின் சிலிண்டர் 57 மில்லிமீட்டர் குறுக்களவுடையது. இவ்வளவுள்ள அலுமினியம் 100 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.12 மில்லிமீட்டர் பருக்கும், இரும்போ 0.06 மில்லிமீட்டர் அளவே விரியும். இரண்டிற்கும் இடையே விடப்படும் இடைவெளியும் ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கை ஒட்டியதே. பிஸ்டனே எரியும் நெருப்பை நேரே தாங்குவதாலும், சிலிண்டருக்கு வெளிக்காற்றுக் கிடைப்பதாலும், வித்தியாசம் இன்னும் கூடும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை நெருப்பு உண்டாகிறது. நிமிஷத்திற்கு 5000 சுற்றென்றால் 5000 முறை. அளவு மீறிய உஷ்ணத்தில் பிஸ்டன் பருத்து இடைவெளியை நிரப்ப, நடுவிலிருந்த எண்ணெய்ப் படலம் கிழிந்து, உலோகத்தோடு உலோகம் உராய்ந்து ஒட்டிக்கொள்கிறது.

எண்ணெயின் அளவும் வகையும்

வண்டியோடு வந்த கைப்புத்தகத்தில் என்ன விகிதம் கூறப்பட்டுள்ளதோ அதுவே விகிதம். பிற்காலத்து வெஸ்பா, சேதக் முதலியவற்றுக்கு நூற்றுக்கு 2 பங்கு, அதாவது லிட்டருக்கு 20 மில்லி லிட்டர். 5 லிட்டருக்கு 100. இவற்றினும் பழைய எஞ்சின்கள் பலவற்றுக்கு நூற்றுக்கு 4 அல்லது 5 பங்கு வேண்டும். கண்ணளவாய் ஊற்றுவது கூடாது. அளவுக் குவளையொன்றை வண்டிப் பெட்டியிலேயே வைத்துக்கொள்வது நலம். எண்ணெயை நேரே டாங்கியில் ஊற்றி அதன்மேற் பெட்ரோல் விட்டால் கனமான எண்ணெய் அடியிற் சென்று முதலில் கார்புரேட்டரை அடைக்கும். பின்வரும் பெட்ரோலில் எண்ணெய் போதாது. தனிக் கேனில் கலந்து நன்கு குலுக்கிய பிறகே ஊற்றுக. அவ்வசதியில்லாதபோது பெட்ரோலிற் பாதியை விட்டு, எண்ணெயை ஊற்றி, மீதியையும் விட்டபின் வண்டியை இருபுறமும் அசைத்துவிடலாம்.

'எண்ணெய் மிகுந்தால் நல்லதுதானே' என்று இருமடங்கு ஊற்றுவோர் சிலர். இதிலும் ஒரு தீங்குண்டு. கார்புரேட்டர் ஜெட்டின் துவாரம் மாறாதது. அதன்வழி செல்லும் திரவத்தில் எண்ணெயின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறையும். காற்று அதே அளவாயிருக்க எரிபொருள் குறைந்து கலவை மெலியும். மெலிந்த கலவை உஷ்ணத்தை ஏற்றும். புகையும், ப்ளக்கில் கரியும், சைலன்சரில் அடைப்பும் வேறு. பிடித்துக்கொள்ளாதிருக்க ஊற்றிய எண்ணெயே பிடித்துக்கொள்வதற்குத் துணையாகும் விந்தை இது.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கென்றே செய்யப்பட்ட '2டி' எண்ணெயைத் தவிர வேறெதனையும் கலத்தலாகாது. டிராக்டருக்கு வாங்கிய எஞ்சின் எண்ணெய் மிச்சமிருக்கிறதென்றும், பம்பு செட்டிலிருந்து வடித்த பழைய எண்ணெய் வீணாகிறதென்றும் எண்ணி ஊற்றுவது குடியானவர் வீடுகளில் சாதாரணம். அவை எரிந்து கரியும் சாம்பலுமாய்ப் படிவன. வடித்த எண்ணெயில் இரும்புத்தூளும் இருக்கும். கடலோரத்தார் படகு மோட்டாருக்கு வாங்கும் டி.சி.-டபிள்யூ3 என்னும் எண்ணெயும் நீராற் குளிரும் எஞ்சினுக்கு உரியது; காற்றாற் குளிரும் ஸ்கூட்டருக்கு அது தகாது. டப்பாவின்மேல் ஜாஸோ எப்.சி. அல்லது எப்.டி. என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குதல் போதுமானது.

மண்ணெண்ணெய்க் கலப்பும் இங்கே கூறத்தக்கது. பெட்ரோலில் துவக்கி மண்ணெண்ணெயில் ஓடும் சிறு பாசன எஞ்சின்களைக் கண்டு பழகியவர்கள் ஸ்கூட்டரும் அவ்வாறே ஓடுமென்று நினைக்கலாம். அவ்வெஞ்சின்கள் மண்ணெண்ணெய்க்கென்றே குறைந்த அழுத்தத்தில் அமைக்கப்பட்டவை. ஸ்கூட்டரில் மண்ணெண்ணெய் கலந்தால் கலவை அளவின்றி வெடித்து எரியும். ஏற்றத்தில் 'டிக் டிக்' என்று உலோகத் தட்டொலி கேட்கும். பிஸ்டனின் தலை பொத்துப்போவதும் உண்டு.

எத்தனால் கலந்த பெட்ரோல்

கரும்பு, மக்காச்சோளம், நொய்யரிசி முதலியவற்றிலிருந்து எடுக்கப்படும் எத்தனாலைப் பெட்ரோலிற் கலப்பது நம் நாட்டில் ஆண்டுதோறும் பெருகி, 2025ஆம் ஆண்டில் நூற்றுக்கு 20 பங்கு என்னும் அளவை எட்டியது. நம்மவர் விளைபொருளுக்கு இதனால் ஒரு சந்தை கிடைத்திருப்பது உண்மையே. ஆனால் அக்கரும்பை விளைவித்தவரே தம் பழைய ஸ்கூட்டரில் அப்பெட்ரோலை ஊற்றும்போது சில செய்திகளை அறிந்திருக்க வேண்டும்.

எத்தனாலுக்குள் பிராணவாயு உண்டு. ஆதலின் எத்தனால் கலந்த பெட்ரோல் எரிவதற்கு வேண்டிய காற்று, வெறும் பெட்ரோலுக்கு வேண்டியதைவிடக் குறைவு. இக்காலத்து வண்டிகளில் இதனை யந்திரமே உணர்ந்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். பழைய கார்புரேட்டருக்கு அவ்வறிவு கிடையாது. முன்னிருந்த ஜெட் முன்னளந்த அளவையே அளக்கும். கலவை நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு மெலிந்தாற்போலாகும். முன்னமே மெலிவின் எல்லையில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுக்கு இது போதும். மெயின் ஜெட்டை ஓர் அளவோ இரண்டளவோ பெரிதாக மாற்றி, பின்வரும் விதத்தில் ப்ளக்கைப் பார்த்துச் சரியாக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. மழைக்காலத்தில் இரண்டு மாதம் ஓடாமல் தொழுவத்து மூலையில் நின்ற வண்டியின் டாங்கியில், ஈரம் மிகுந்தபோது நீரும் எத்தனாலும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். எண்ணெயோ மேலேயுள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். டாங்கியின் குழாய் அடியிலிருந்தே இழுப்பதால், எண்ணெயற்ற அந்நீர்மம் முதலில் உட்செல்லும். அறுவடைக் காலத்தில் அவசரமாக எடுத்து உதைத்து ஓட்டும்போது நேரும் கேட்டிற்கு இதுவும் ஒரு காரணம். நெடுநாள் நிறுத்துவதானால் டாங்கியையும் கார்புரேட்டரையும் வடித்துவிட்டே நிறுத்துக. கலந்துவைத்த பெட்ரோலையும் இரண்டு மூன்று வாரத்திற்குமேல் வைத்திருக்க வேண்டா. பழைய ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் எத்தனாலில் ஊறி உப்புவனவாதலின் அவற்றையும் மாற்றுதல் தகும்.

கலவை மெலியும் பிற வழிகள்

கிராங்க் தண்டின் இருமுனையிலும் உள்ள ஆயில் சீல் தேய்ந்தால் அவ்வழியே காற்று உட்புகும். காந்தச்சக்கரத்தின் பக்கத்துச் சீல் கெட்டதற்கு அடையாளம், ஆக்ஸிலேட்டர்க் கைப்பிடியை மூடிய பிறகும் எஞ்சின் வேகம் தணியாமல் சற்று நேரம் கூவிக்கொண்டு நிற்பது. இதனைக் கண்டபின்னும் ஓட்டுவது எஞ்சினைத் தெரிந்தே கெடுப்பதாகும். வெஸ்பா வகையில் கிளட்ச் பக்கத்துச் சீல் கெட்டால் கியர் எண்ணெய் உறிஞ்சப்பட்டுப் புகை மிகும். கியர் எண்ணெய் அடிக்கடி குறையும். கார்புரேட்டர் அமரும் இடத்திலும், சிலிண்டரின் அடிக் காஸ்கெட்டிலும் கசிவு உண்டாகலாம்.

காற்று வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு 'இழுவை கூடியது' என்று மகிழ்வோரும், ஜெட்டை மாற்றாமலே ஒலிமிக்க சைலன்சரைப் பொருத்துவோரும் கலவையை மெலியச் செய்கின்றனர். ஜெட் அடைத்தால் ஊதி எடுக்கவேண்டுமே யன்றிக் கம்பியால் குத்தலாகாது. டாங்கி மூடியின் சிறு காற்றுத் துளை மண்ணால் அடைபட்டாலும் பெட்ரோல் இறங்காது. பெட்ரோல் தீரும் தறுவாயில் எஞ்சின் சட்டென நிற்பதில்லை; சில விநாடிகள் மெலிந்த கலவையில் ஓடியபின்னரே நிற்கும். முழு வேகத்தில் அது நேர்வது மிக ஆபத்து. எனவே தடுமாற்றம் தெரிந்தவுடன் கைப்பிடியைத் தணித்து ரிசர்வுக்குத் திருப்புக.

ப்ளக் கூறும் சாட்சி நம்பத்தக்கது. சமவெளிச் சாலையில் ஒரு கிலோமீட்டர் நல்ல வேகத்தில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து எஞ்சினையும் நிறுத்தி, ஓரமாய் நின்று ப்ளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பீங்கான் முனை காப்பிக்கொட்டை நிறமாயிருந்தால் கலவை சரி; வெளுத்திருந்தால் மெலிவு; ஈரக் கறுப்பாயிருந்தால் மிகுதி. வெளுப்பைக் கண்டால் அன்றே ஜெட்டையும் சீலையும் சோதித்தல் வேண்டும். ப்ளக்கில் பொறி விழும் நேரம் முற்பட்டிருந்தாலும் உஷ்ணம் ஏறும். டைமிங்கைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுக.

காற்றாற் குளிர்வித்தல் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்கூட்டரின் எஞ்சின் மறைவிலிருப்பதால் காந்தச்சக்கரத்தின் விசிறியே அதற்குக் காற்று. அக்காற்றைச் சிலிண்டரின் தகடுகள்மேல் செலுத்துவது அதனைச் சூழ்ந்த கவசத் தகடு. பழுதுபார்த்தபின் அக்கவசத்தை மாட்டாமல் விட்டு, 'திறந்திருந்தால் நன்றாகக் காற்றுப்படும்' என்று சொல்லும் மெக்கானிக்கின் பேச்சை ஏற்கலாகாது. கவசமின்றேல் விசிறிக் காற்று சிதறிப்போகும். வைக்கோல் துரும்பு, சேறு, சிலந்திக்கூடு, சில வேளை எலி கட்டிய கூடும் தகடுகளை அடைத்திருக்கும். கவசத்தைக் கழற்றித் துடைப்பது அரைமணி நேர வேலை. நாலாயிரம் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை சைலன்சரிலும் எக்சாஸ்ட் துவாரத்திலும் கரி எடுப்பதும் உஷ்ணத்தைக் குறைக்கும்.

ஓட்டும் முறை

புதுப் பிஸ்டன் போட்ட வண்டியை முதல் 1000 கிலோமீட்டர் வரை முழுக் கைப்பிடியில் ஓட்டாமலும், ஒரே வேகத்தில் நெடுநேரம் நிறுத்தாமலும், ஏற்றத்தில் பளுவேற்றாமலும் பழக்க வேண்டும். பழகிய வண்டியிலும் கைப்பிடியின் முக்கால் பங்கே நெடுந்தூரத்திற்கு ஏற்றது. ஏற்றத்தில் நாலாம் கியரிலேயே முக்கிக்கொண்டு போவது பெருந்தவறு. எஞ்சின் மெதுவாய்ச் சுற்றினால் விசிறியும் மெதுவாய்ச் சுற்றும். கைப்பிடி முழுதும் திறந்திருப்பதால் நெருப்போ மிகுதி. மூன்றாம் கியருக்கு இறங்குக.

இறக்கமே பலரும் எண்ணாதது. கொல்லிமலையில் சோளக்காட்டிலிருந்து காரவள்ளிக்கு 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து இறங்குவதாகக் கொள்வோம். கைப்பிடி மூடியிருக்கும், கியர் பிடித்திருப்பதால் சக்கரம் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். சுற்று மிகுதி, ஆனால் உட்செல்வது சிறு ஜெட்டின் துளிப் பெட்ரோலும் அதிலுள்ள துளி எண்ணெயுமே. இதற்காகக் கியரை விடுவித்து இறங்குவதும் கூடாது. டிரம் பிரேக்குகள் காய்ந்து பிடிப்பை இழக்கும். மூன்றாம் கியரிலோ இரண்டாம் கியரிலோ இறங்கி, வளைவுக்கு வளைவு நேர்பாதை கிடைக்கும்போது கிளட்சைப் பிடித்துக் கைப்பிடியைச் சற்றே திருகி எஞ்சினுக்கு ஒரு வாய் எண்ணெய் கொடுத்துச் செல்வதே முறை. சமவெளியிலும், முழு வேகத்தில் வெகுநேரம் ஓடிவந்து சட்டெனக் கைப்பிடியை மூடுவதினும், சிறிது சிறிதாகத் தணிப்பது நன்று.

பிடிக்கத் தொடங்கினால்

எஞ்சின் எச்சரிக்கை தராமல் பிடிப்பது அரிது. யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல வேகம் குறையும், ஓசை மாறும், சிலம்பொலிபோலச் சிறு உலோக ஒலி கேட்கும். அந்தக் கணத்தில் செய்யவேண்டியது கிளட்சைப் பிடிப்பது; வேறொன்றுமில்லை. ஆகவே நெடுஞ்சாலையில் செல்லும்போது இடக்கை விரல் இரண்டு எப்போதும் கிளட்சின்மேல் இருத்தல் வேண்டும். கிளட்சைப் பிடித்தால் பின்சக்கரம் விடுபட்டு உருளும். வண்டியை நேராய் நிறுத்தி, கடும் பிரேக் போடாமல் இடப்புறம் ஒதுங்குக.

நின்றபின் உதைத்துப் பார்ப்பதும், சிலிண்டர்மேல் தண்ணீர் ஊற்றுவதும் கூடா; சூடான வார்ப்பிரும்பு வெடிக்கும். அரைமணி நேரம் ஆறவிட்டு, ப்ளக்கைக் கழற்றி, அத்துளை வழியே சில சொட்டு 2டி எண்ணெய் விட்டு, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்துக. தடையின்றிச் சுற்றினால் மெதுவாக வீடு சேரலாம். கரகரவென்றால் வண்டியில் ஏற்றிச் செல்க.

வீடு சேர்ந்தபின் எஞ்சினைத் திறந்தே ஆகவேண்டும். பிஸ்டனின் நாற்புறமும் கீறல் இருந்தால் அளவு மீறிய உஷ்ணம், அல்லது இடைவெளி போதாமை. எக்சாஸ்ட் பக்கத்தில் மட்டும் இருந்தால் எண்ணெய்க் குறைவையோ மெலிவையோ ஐயுறலாம். தலை பொத்திருந்தால் மெலிவு, டைமிங், மண்ணெண்ணெய்க் கலப்பு இவற்றை ஆராய்க. கீறலை உப்புத்தாளால் தேய்த்து மாட்டித் தந்துவிடுவது பல பட்டறைகளின் வழக்கம். காரணம் உள்ளேயே இருப்பதால் அவ்வண்டி ஒரு மாதத்திற்குள் மறுபடி பிடிக்கும். என்ன காரணமென்று சொல்லாத பட்டறையில் பிஸ்டனுக்குப் பணம் கொடுக்குமுன், சீல்களையும் கார்புரேட்டரையும் தம் கண்முன் சோதிக்கச் செய்வது வண்டியுடையார் உரிமை.

முதுகில் சுமக்கும் பவர் ஸ்பிரேயர்களிலும் புல்வெட்டும் யந்திரங்களிலும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் மிகுதியாதலின் எண்ணெய், வடிகட்டி, தகடுகளின் தூய்மை பற்றிக் கூறியவை அவற்றுக்கும் பொருந்தும். விகிதம் மட்டும் யந்திரத்திற்கு யந்திரம் வேறுபடும். ஸ்கூட்டருக்குக் கலந்த கேனிலிருந்து ஸ்பிரேயருக்கு ஊற்றுமுன் அதன் டாங்கியின்மேல் அச்சிட்டுள்ள எண்ணைப் படித்துப் பார்க்கவும்.